காது கேளாதவர்களும் கவுன்டர் வேலையும்

வாடிக்கையாளரோடு பேசிப் பழக வேண்டிய வேலைக்குக் காது கேளாதவரை எடுக்கலாமா என்று ஒரு கடை முதலாளியிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதிலும் ஒரு கேள்வியாகத்தான் வரும்: "கஸ்டமர் கேக்கறது அவருக்கு எப்படிங்க புரியும்?" நியாயமான கேள்விதான். ஆனால் கஸ்டமர் அப்படி என்னதான் கேட்கிறார் என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

ஒரு காபிக் கடையை எடுத்துக்கொள்வோம். ஸ்ட்ராங்கா, லைட்டா? சர்க்கரை போட்டா, கம்மியா, இல்லாமலா? இங்கேயே குடிக்கவா, பார்சலா? எத்தனை? எவ்வளவு ஆச்சு? கேஷா, ஜிபேயா? காலை முதல் ராத்திரி வரை எத்தனை பேர் வந்தாலும் பேச்சு இந்த வட்டத்தைத் தாண்டுவது அபூர்வம். வாடிக்கையாளர் சேவை என்ற பெயரில் நடப்பவற்றில் பெரும்பகுதி இப்படி முன்கூட்டியே ஊகிக்கக்கூடிய பேச்சுதான். ஊகிக்க முடிந்ததை ஓர் அட்டையிலோ திரையிலோ எழுதி வைத்துவிடலாம். விரலால் காட்டினால் போதும். புகார், வாக்குவாதம், "பக்கத்துல ஏடிஎம் எங்க இருக்கு" மாதிரியான விசாரிப்பு ஆகியவைதான் ஊகிக்க முடியாதவை. அவற்றுக்குத்தான் தனி ஏற்பாடு வேண்டும்.

இதில் நம் ஊருக்கென்று ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. மேசையில் உட்கார்ந்ததும் சப்ளையர் வந்து "இட்லி, வடை, பொங்கல், பூரி, ரவா தோசை..." என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பது நம் ஓட்டல் மரபு. மெனு கார்டு மேசையிலேயே கிடந்தாலும் "சூடா என்ன இருக்கு?" என்று கேட்பதுதான் நமக்குப் பழக்கம். ஆர்டரும் வாய்மொழியாகவே அடுக்களைக்குப் போகும். இப்படி வாயும் காதுமாக இயங்கும் ஓர் இடத்தில் காது கேளாத ஒருவரைத் திடீரென்று கொண்டுபோய் நிறுத்தினால் அவர் தோற்றுத்தான் போவார். அதே ஊரில் பணத்தைக் கட்டி டோக்கன் வாங்கி, அதைக் கவுன்டரில் நீட்டிப் பண்டத்தை வாங்கிக்கொள்ளும் கடையும் இருக்கிறது. அங்கே டோக்கனில் எல்லாம் அச்சாகியிருக்கிறது. காபி ஆற்றித் தருபவருக்குக் காது கேட்கிறதா இல்லையா என்பது பெரும்பாலானவர்களுக்குத் தெரியவே போவதில்லை. ஆள் மாறவில்லை, கடை நடக்கும் விதம்தான் மாறியிருக்கிறது.

இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தவர்களில் மலேசியர்கள் முன்னோடிகள். கோலாலம்பூரில் காது கேளாத ஊழியர்களே நடத்தும் கேஎஃப்சி கிளை 1980-களிலேயே வந்துவிட்டது. 2016 ஜூலையில் அதே நகரின் பங்சார் பகுதியில் ஸ்டார்பக்ஸ் தன் முதல் சைகைமொழிக் கடையைத் திறந்தது. ஆர்டரை அட்டையில் குறித்துக் கொடுத்தால் ஓர் எண் தருவார்கள். பானம் தயாரானதும் அந்த எண் திரையில் வரும். பெயரைச் சொல்லிக் கூப்பிடும் வழக்கத்தை எடுத்துவிட்டாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடுகிறது என்று அங்கே தெரிந்தது. அமெரிக்கத் தலைமையகம் அதைப் பார்த்துவிட்டுத்தான் 2018 அக்டோபரில் வாஷிங்டனில் அதே மாதிரிக் கடையைத் தொடங்கியது. பிறகு சீனாவின் குவாங்சோ, ஜப்பானின் குனிதாச்சி என்று வரிசை நீண்டது.

வாஷிங்டன் கடை எச் ஸ்ட்ரீட்டில் அமைந்தது தற்செயல் இல்லை. கொஞ்ச தூரத்தில்தான் கேலடெட் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1864-இல் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட சட்டத்தின் மூலம் பட்டம் வழங்கும் உரிமை பெற்ற, காது கேளாதவர்களுக்கான உயர்கல்வி நிலையம் அது. சுற்றுவட்டாரத்தில் சைகைமொழி தெரிந்த வாடிக்கையாளர்களும் அதிகம், வேலைக்கு வரக்கூடியவர்களும் அதிகம். ஊழியர்கள் எல்லோருக்கும் சைகைமொழி தெரியும்; காது கேட்கும் ஊழியர்களும் கற்றுக்கொண்டுதான் அங்கே நிற்கிறார்கள். சைகை தெரியாத வாடிக்கையாளர் எழுதிக் காட்டலாம், விரலால் சுட்டலாம். கடையின் அமைப்பும் யோசித்துச் செய்யப்பட்டது. ஒருவரையொருவர் தடையில்லாமல் பார்க்கும்படி உள்ளே இடத்தை மறைப்பில்லாமல் விட்டு, கண் கூசாத, பளபளப்புக் குறைந்த மேற்பரப்புகளைப் போட்டிருக்கிறார்கள்.

இந்தக் கட்டடக்கலைச் சிந்தனையும் கேலடெட்டில் வளர்ந்ததுதான். ஹான்சல் பாமன் என்ற கட்டடக் கலைஞர் 2005 முதல் அங்கே மாணவர்களோடு சேர்ந்து இதற்கான நெறிமுறைகளை உருவாக்கினார். டெஃப் ஸ்பேஸ் என்று அதற்குப் பெயர். சைகையில் பேசிக்கொண்டே இருவர் பக்கத்தில் பக்கத்தில் நடக்க வேண்டுமென்றால் நடைவழி அகலமாக இருக்க வேண்டும். தோல் நிறத்தோடு மாறுபடும் நீலமோ பச்சையோ சுவரில் இருந்தால் கை அசைவு தெளிவாகத் தெரியும். எதிரொலி அதிகமுள்ள கூடம் செவிப்பொறி போட்டவருக்கு நரகம், ஏனென்றால் அந்தப் பொறி எதிரொலியையும் சேர்த்துப் பெருக்கித் தரும். பின்னால் வெளிச்சம் இருந்தால் முகம் இருட்டாகிவிடும், உதடும் தெரியாது, கையும் தெரியாது. நம் ஊர்க் கடைகளில் கல்லாவுக்குப் பின்னால் சாமி படத்துக்குப் போட்டிருக்கும் சீரியல் லைட்டை நினைத்துக்கொண்டேன். அதை நகர்த்துவதற்குக் காசு செலவில்லை, மனசுதான் வர வேண்டும்.

இந்தியாவில் இந்த விஷயத்தில் அதிகம் பேசப்படுவது லெமன் ட்ரீ ஓட்டல்கள். பட்டு கேஸ்வானி தொடங்கிய இந்த நிறுவனம் 2007 வாக்கில் காது கேளாத ஒரு சிலரை வேலைக்கு எடுத்தது. அவர்கள் போன வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் அடுக்களையில் பாத்திரம் கழுவும் பிரிவு. அது சரியாக வந்ததும் அறைகளைச் சுத்தம் செய்யும் பிரிவு. அப்புறம்தான் உணவகம், அதாவது விருந்தினருக்கு நேர் எதிரே. ஒவ்வொரு படியிலும் வேலையைப் பிரித்துப் பார்த்து, எங்கே காது தேவைப்படுகிறது, அதற்குப் பதில் என்ன வைக்கலாம் என்று பார்த்தார்கள். உணவகத்தில் ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு குறியீடு கொடுத்து, விருந்தினரே அதைக் குறித்துத் தரும்படி செய்தார்கள். காது கேட்கும் ஊழியர்களுக்குச் சைகைமொழிப் பயிற்சி கொடுத்தார்கள்.

டெல்லியில் சத்திய நிகேதன் பகுதியில் தொடங்கிய எக்கோஸ் உணவகம் நேராகக் கடைசிப் படியிலேயே ஆரம்பித்தது. பரிமாறுபவர்கள் காது கேளாதவர்கள். மேசையில் ஒரு சுவிட்ச். அழுத்தினால் விளக்கு எரியும், ஊழியர் வருவார். தண்ணீர், ஸ்பூன், பில் என்று எழுதிய அட்டைகள் இருக்கும், தேவையானதைத் தூக்கிக் காட்டினால் போதும். கஃபே காபி டேயும் கோஸ்டா காபியும் காபி தயாரிக்கும் இடத்தில் காது கேளாதவர்களை வைத்தன. எல்லாமே எளிய, செலவு குறைந்த உத்திகள்தான். ஒரு பல்பு, கொஞ்சம் அட்டை, ஒரு பேனா.

இவ்வளவு எளிது என்றால் ஏன் எல்லா இடத்திலும் நடப்பதில்லை? நல்லெண்ணத்தோடு ஆரம்பிப்பவர்களும் தடுக்கி விழும் ஒரு இடம் இருக்கிறது. "காது கேட்காட்டி என்ன, எழுதிக் காட்டினாப் போச்சு" என்பதுதான் அது.

காது கேளாத குழந்தைகளில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறக்கிறார்கள். வீட்டில் யாருக்கும் சைகைமொழி தெரியாது. பள்ளிகள் பலவற்றில் நீண்ட காலம் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு வாயால் பேசப் பழக்குவதே கல்வியாக இருந்தது. வகுப்பில் கையை அசைத்தால் அடி விழுந்த காலமும் உண்டு. ஆக, மொழியைப் பிடித்துக்கொள்ள வேண்டிய முதல் ஐந்தாறு வருடங்களில் பலருக்கு எந்த மொழியும் முழுதாகக் கிடைப்பதில்லை. பின்னால் பள்ளி விடுதியில் மற்ற பிள்ளைகளைப் பார்த்துச் சைகைமொழி வந்துவிடும். எழுத்துத் தமிழ் அவர்களுக்கு இரண்டாவது மொழியாக, காதால் ஒருமுறைகூடக் கேட்காத மொழியாக வந்து சேர்கிறது.

இந்தியச் சைகைமொழிக்குத் தனி இலக்கணம் உண்டு. கேள்விச் சொல் கடைசியில் வரும். காலத்தைக் காட்டத் தனிச் சைகை வரும்; வினைச்சொல்லோடு விகுதி ஒட்டாது. தமிழோ ஒட்டுக்குமேல் ஒட்டு. 'கொடுக்கச் சொல்லியிருந்தேனே' என்பதில் எத்தனை செய்திகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். இதைச் சைகைமொழியில் வளர்ந்த ஒருவர் பிரித்துப் படிப்பது, நாம் நடுவயதில் ஜெர்மன் கற்றுக்கொண்டு அரசாணை படிப்பதற்குச் சமம். அதோடு வாடிக்கையாளர் எழுதுவது புத்தகத் தமிழும் இல்லை. 'சக்கர கம்மியா, டிகாஷன் ஜாஸ்தி' என்று கிறுக்கலாக, பாதி ஆங்கில எழுத்தில்கூட எழுதுவார். ஆகவே எழுதிக் காட்டுவது ஒரு வழி. அதை மட்டுமே நம்பினால், அறிவில் குறையில்லாத ஆள் மந்தமானவர்போலத் தெரிவார். படம், எண், டிக் அடிக்கும் கட்டம் ஆகியவை எழுத்தைவிட நம்பகமானவை என்பது இதனால்தான்.

உதட்டைப் படிப்பார்கள் என்ற நம்பிக்கையும் அளவுக்கு மீறியது. கண்ணாடி முன் நின்று குரல் எழுப்பாமல் 'பாப்பா', 'மாமா' என்று சொல்லிப் பாருங்கள், உதட்டில் இரண்டும் ஒன்றுதான். ல, ள, ழ வித்தியாசம் முழுக்க வாய்க்குள் நடக்கிறது. வெளியே ஒன்றும் தெரியாது. நல்ல பயிற்சி உள்ளவர்களும் சூழலை வைத்துத்தான் ஊகிக்கிறார்கள். பெரிய மீசையும் வெற்றிலை போட்ட வாயும் அந்த ஊகத்தையும் கெடுத்துவிடும். கொரோனா காலத்தில் முகக்கவசம் வந்தபோது இவர்கள் பட்ட பாடு தனிக்கதை.

பேச்சை எழுத்தாக்கும் செயலிகள் ஓரளவு உதவுகின்றன. கேலடெட்டுடன் சேர்ந்து கூகிள் உருவாக்கி 2019-இல் வெளியிட்ட லைவ் டிரான்ஸ்கிரைப் தமிழையும் புரிந்துகொள்ளும். அமைதியான அறையில் ஒருவர் நிதானமாகப் பேசினால் நன்றாகவே வரும். மிக்ஸி ஓடும் கடையில், மூன்று பேர் ஒரே நேரத்தில், தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசும்போது அது தரும் வாக்கியங்களைப் படித்தால் சிரிப்புத்தான் வரும். அப்புறம், எழுத்தாக வந்ததைப் படிக்கும் சிரமம் ஏற்கெனவே சொன்னதுபோல அப்படியே இருக்கிறது.

இன்னொன்று, காது கேளாதவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. பிறவியிலேயே கேட்காமல் சைகைமொழியில் வாழ்பவர் ஒருவர். இருபது வயதில் கேட்கும் திறனை இழந்து, தெளிவாகப் பேசுபவர் ஒருவர். சிறு வயதில் காக்ளியர் இம்பிளான்ட் என்ற கருவியை அறுவைச் சிகிச்சையில் காதுக்குள் வைத்துக்கொண்டு போனில்கூடப் பேசுபவர் ஒருவர். தமிழ்நாட்டில் அரசுக் காப்பீட்டில் அந்த அறுவைச் சிகிச்சை கிடைப்பதால் மூன்றாவது வகையினர் இனிமேல் அதிகமாக வருவார்கள். சட்டப்படி இரண்டு காதிலும் 70 டெசிபல் இழப்பு என்றால் காது கேளாதவர், 60 முதல் 70 வரை என்றால் கேட்கும் திறன் குறைந்தவர். ஆனால் அந்தச் சான்றிதழைப் பார்த்து யாரை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்ய முடியாது. எப்படித் தொடர்புகொள்ள உங்களுக்கு வசதி என்று அவரிடமே கேட்பதுதான் வழி. கேட்பதில்லை என்பதுதான் பிரச்சினை.

கடையை விட்டு வெளியே வந்தால் இன்னொரு வகை வாடிக்கையாளர் சேவை இருக்கிறது: வீட்டு வாசல். மும்பையில் துருவ் லக்ரா தொடங்கிய மிராக்கிள் கூரியர்ஸ், காது கேளாதவர்களை வைத்தே தபால் பட்டுவாடா செய்து பெயர் வாங்கியது. உள்ளே தபால் பிரிப்பது பெண்கள், வெளியே கொண்டுபோவது ஆண்கள். ஊழியரோடு பேச வேண்டியதெல்லாம் குறுஞ்செய்தியில். நிறுவனம் இயங்கத் தொடங்கிய காலத்தில் ஸ்மார்ட்போன் பரவவில்லை. பட்டன் போனிலேயே காரியம் நடந்தது. மின்சார ரயில், பெரிய அலுவலகக் கட்டடங்கள், எழுதப்பட்ட முகவரி என்று மும்பை இதற்கு ஓரளவு ஒத்துழைத்தது.

நம் ஊர் முகவரிகள் வேறு ரகம். "பிள்ளையார் கோயில் தாண்டி ரெண்டாவது லெஃப்ட், அங்க வந்து ஒரு போன் போடுங்க" என்பதுதான் பாதிப் பேருடைய முகவரியின் கடைசி வரி. அந்த ஒரு போன் போட முடியாது என்பதற்காகவே காது கேளாதவர்கள் இந்த வேலைக்கு வெளியே நின்றார்கள். வரைபடத்தில் இடத்தைக் குறித்துக்கொள்ளும் வசதி வந்த பிறகு நிலைமை மாறியது. உணவு கொண்டுவருபவர் காது கேளாதவர் என்றால் செயலியே வாடிக்கையாளருக்கு அதைச் சொல்லிவிட்டு, கூப்பிடாமல் செய்தி அனுப்பச் சொல்கிறது. ஊபர் 2015-இல் இதே மாதிரி ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்தது. சவாரி வந்தால் ஓட்டுநரின் போன் திரை மின்னும். பயணி அழைக்க முடியாது, எழுதத்தான் முடியும். இந்தியாவில் காது கேளாதவருக்கு ஓட்டுநர் உரிமமே மறுக்கப்பட்டு வந்தது. தேர்வில் தேறினால் உரிமம் தரலாம் என்று 2011-இல் டெல்லி உயர் நீதிமன்றம் வழி திறந்தது.

இன்னும் தீராத சில்லறைச் சிக்கல்கள் வாசலில் உண்டு. அழைப்பு மணியை அழுத்துகிறார், அது அடித்ததா, கரண்ட் இல்லையா என்று அவருக்குத் தெரியாது. உள்ளிருந்து "வரேன், இருங்க" என்று யாரோ கத்துவது தெரியாது. அடுக்குமாடியில் வாட்ச்மேன் பின்னாலிருந்து கூப்பிட்டதும் தெரியாது. தெரியாமல் அவர் பாட்டுக்கு நடக்க, திமிர் பிடித்தவன் என்று வாட்ச்மேன் சண்டைக்கு வருவார். காது கேளாமை வெளியே தெரியாத குறை என்பதால் வரும் வினை இது. கடைக்குள்ளும் இதே கதைதான். பின்னாலிருந்து நாலு தடவை கூப்பிட்டுப் பதில் வராத வாடிக்கையாளர் மேனேஜரைத் தேடுவார். எனக்குக் காது கேட்காது என்று சட்டையில் பேட்ஜ் குத்திக்கொள்ளச் சொல்லும் நிறுவனங்கள் உண்டு. சிலருக்கு அது நிம்மதி, சிலருக்கு அவமானம். என்னைக் கேட்டால், கடை வாசலிலும் கவுன்டரிலும் அறிவிப்பு வைத்துவிட்டு, பேட்ஜை ஊழியர் விருப்பத்துக்கு விட்டுவிடலாம்.

சரி, வேலைக்கு எடுத்த முதலாளிகள் என்ன சொல்கிறார்கள்? ஏறக்குறைய எல்லோரும் சொல்வது இரண்டு: நன்றாகக் கவனம் செலுத்துகிறார்கள், வேலையை விட்டுப் போவதில்லை. இரண்டையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கவனம் பற்றி ஆய்வுகள் இருப்பது உண்மை. பிறவியிலேயே காது கேளாதவர்களுக்குப் பார்வையின் ஓரத்தில் நடப்பதைக் கவனிக்கும் திறன் கூடுதலாக இருப்பதை ஹெலன் நெவில், டாப்னி பாவெலியே போன்ற நரம்பியல் அறிஞர்கள் காட்டியிருக்கிறார்கள். கூட்டமான கடையில் யார் கை தூக்குகிறார் என்று சட்டென்று பார்க்க இது உதவக்கூடும். ஆனால் முதலாளிகள் பாராட்டுவது பெரும்பாலும் இதை இல்லை. "அரட்டை அடிக்க மாட்டாங்க சார்" என்பதைத்தான். சைகைமொழி தெரிந்த நான்கு பேர் ஒரு கடையில் சேர்ந்தால் அரட்டை பிரமாதமாக நடக்கும். மேனேஜரைப் பற்றி மேனேஜர் முன்னாலேயே நடக்கும். அவருக்குப் புரியவில்லை, அவ்வளவுதான்.

வேலையை விட்டுப் போவதில்லை என்பதும் உண்மை. உணவகம், சில்லறை விற்பனை போன்ற தொழில்களில் ஆட்கள் மாதக்கணக்கில் மாறிக்கொண்டே இருப்பதால் இது முதலாளிக்குப் பெரிய லாபம். ஆனால் அவர்கள் ஏன் போவதில்லை? போக வேறு இடம் இல்லை என்பதும் ஒரு காரணம். சென்னை மாநிலக் கல்லூரியில் காது கேளாத மாணவர்களுக்கென்றே பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகள் நடக்கின்றன, அடையாற்றில் செயின்ட் லூயிஸ் கல்லூரி இருக்கிறது. அங்கெல்லாம் பட்டம் பெற்ற ஒருவர் காபி மெஷின் பக்கத்தில் ஐந்து வருடம் ஒரே நிலையில் நின்றுகொண்டிருந்தால் அதை விசுவாசம் என்று சொல்வதற்கு எனக்கு மனம் வரவில்லை.

இங்கேதான் விஷயத்தின் கனமான பகுதி இருக்கிறது. வாடிக்கையாளரோடு தொடர்புகொள்ளும் சிக்கலை அட்டையும் விளக்கும் வைத்துத் தீர்த்துவிடலாம். உடன் வேலை செய்பவர்களோடும் மேலதிகாரியோடும் தொடர்புகொள்வதற்கு அட்டை போதாது. காலையில் ஷிப்ட் தொடங்குமுன் ஐந்து நிமிடக் கூட்டம் நடக்கும். இன்று எது தீர்ந்துவிட்டது, எந்த ஆஃபர் முடிந்தது, யார் லீவு என்று மேனேஜர் கடகடவென்று சொல்வார். காது கேளாத ஊழியர் பக்கத்தில் நிற்பவர் முகத்தைப் பார்ப்பார். "ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன்" என்பார் அவர். சொல்ல மாட்டார். இப்படி ஆயிரம் துண்டுச் செய்திகள் நழுவிப்போகும். ஒரு வருடம் கழித்து சூப்பர்வைசர் பதவிக்கு ஆள் தேடும்போது, "நல்ல பையன்தான், ஆனா விவரம் பத்தாது" என்று ஒதுக்குவார்கள். அந்த விவரம் அவரிடம் போகவே இல்லை.

நல்ல மேனேஜர் ஒருவர் சைகைமொழி கற்றுக்கொண்டு இதையெல்லாம் சரிசெய்தால் அவரை வேறு கிளைக்கு மாற்றிவிடுவார்கள். புதியவர் வருவார், மறுபடி முதலிலிருந்து. அதனால் சைகைமொழிப் பயிற்சி யாரோ ஒருவருடைய நல்ல குணமாக இல்லாமல் எல்லோருக்குமான பணிப் பயிற்சியில் ஒரு பாடமாக இருந்தால்தான் நிற்கும். தனி ஆளாக ஒருவரை மட்டும் எடுப்பதைவிட மூன்று நான்கு பேராக எடுப்பது நல்லது; பேச ஆள் இருக்கும், ஒருவர் தவறவிட்டதை இன்னொருவர் சொல்வார். முழுக்கக் காது கேளாதவர்களே நடத்தும் கிளை என்பது அடுத்த படி. அங்கே கூட்டமே சைகையில் நடக்கும், மேனேஜராகவும் அவர்களே வர முடியும். அதேசமயம் அது ஒரு காட்சிப் பொருளாகிவிடும் ஆபத்தும் இருக்கிறது. காபிக்கு வருபவர்களைவிட செல்ஃபிக்கு வருபவர்கள் அதிகமாகி, ஊழியர் நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டே நிற்க வேண்டி வரும். அப்புறம் அந்தக் கிளைக்கு வெளியே அவர்களுக்குப் போக்கிடமும் இருக்காது.

ஊழியர்களிடம் நடந்த ஒரு பெரிய மாற்றத்தை நிறுவனங்கள் இன்னும் சரியாகப் பயன்படுத்தவில்லை என்று தோன்றுகிறது. 2016-க்குப் பிறகு இணையக் கட்டணம் அடிமட்டத்துக்கு வந்ததும், காது கேளாதவர்கள் வீடியோ அழைப்பில் சைகையில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். தொலைபேசி என்ற கருவி கண்டுபிடித்து ஒன்றரை நூற்றாண்டு கழித்து அவர்களுக்கு உண்மையில் கிடைத்தது அப்போதுதான். பி.எஃப். சந்தேகமோ சம்பளப் பிடித்தமோ, மனிதவளத் துறையில் சைகை தெரிந்த ஒருவர் வீடியோவில் கிடைத்தால் போதும். ஆனால் பல இடங்களில் புகார் சொல்ல இன்னும் ஒரு போன் நம்பர்தான் கொடுத்திருக்கிறார்கள்.

சட்டம் என்ன செய்கிறது? 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு வேலையில் 4 சதவீதம் ஒதுக்குகிறது. அதில் ஒரு சதவீதம் காது கேளாதவர்களுக்கும் கேட்கும் திறன் குறைந்தவர்களுக்கும். எந்தப் பதவி யாருக்குப் பொருந்தும் என்று ஒரு பட்டியலும் உண்டு. நிற்பது, நடப்பது, பார்ப்பது, கேட்பது, பேசுவது என்று ஒவ்வொரு பதவிக்கும் தேவையான திறன்களைக் குறித்திருப்பார்கள். பொதுமக்களைச் சந்திக்கும் பதவி என்றதும் 'கேட்பது' என்ற குறி விழுந்துவிடும் வாய்ப்பு அதிகம். தனியார் துறையில் ஒதுக்கீடு கிடையாது. ஊழியர்களில் 5 சதவீதம் பேராவது மாற்றுத்திறனாளிகளாக இருக்கும்படி ஊக்கத்தொகை தரலாம் என்று மட்டும் சட்டம் சொல்கிறது. மாற்றுத்திறனாளி ஊழியருக்காக முதலாளி கட்ட வேண்டிய பி.எஃப்., இ.எஸ்.ஐ. பங்கை அரசே கட்டும் திட்டம் ஒன்று 2008-இல் வந்தது. நல்ல திட்டம்தான், ஆனால் இங்கே சம்பளச் செலவு பெரிய தடையே இல்லை. மொழிபெயர்ப்பாளருக்கு யார் பணம் தருவது என்பதுதான் கேள்வி. பிரிட்டனில் 'ஆக்சஸ் டு ஒர்க்' என்ற திட்டத்தின் கீழ் வேலையிடத்துக்கு வரும் சைகைமொழிபெயர்ப்பாளரின் கட்டணத்தை அரசு தருகிறது. நம்மிடம் அப்படி எதுவும் இல்லை. மொழிபெயர்ப்பாளர்களும் போதிய அளவில் இல்லை. டெல்லியில் 2015-இல் தொடங்கிய இந்தியச் சைகைமொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் ஆட்களை உருவாக்கி வருகிறது. அது வெளியிட்டிருக்கும் பத்தாயிரம் சொல் அகராதியை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். ஒரு கடைக்குத் தேவையான சைகைகளைக் கற்றுக்கொள்ள அதுவே தாராளம்.

கடைசியாக, யாரும் எதிர்பார்க்காத இடம்: கால் சென்டர். எழுத்தில் பதில் சொல்லும் சாட் வேலைகள் காது கேளாதவர்களுக்குப் பொருந்தும் என்று நிறைய எதிர்பார்த்தார்கள். அதற்கு நல்ல எழுத்து ஆங்கிலம் தேவைப்பட்டது, அது எல்லோரிடமும் இல்லை; இப்போது அந்த வேலைகளையே இயந்திரங்கள் எடுத்துக்கொள்கின்றன. ஆனால் அமெரிக்காவில் வேறொரு வழி திறந்தது. தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி 2014-இல் தன் நுகர்வோர் உதவி எண்ணில் சைகைமொழி வீடியோ அழைப்பைக் கொண்டுவந்தது. அழைப்பவர் நடுவில் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல், சைகைமொழி தெரிந்த ஊழியரிடம் நேரடியாகப் பேசலாம். பிறகு வேறு அரசுத் துறைகளும் மைக்ரோசாஃப்ட் போன்ற நிறுவனங்களும் இதைப் பின்பற்றின. அந்த இருக்கைக்குச் சைகைமொழியிலேயே வளர்ந்தவர்தான் தகுதியானவர்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் செவித்திறன் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 50 லட்சம். இவர்களுக்கும் வங்கிக் கணக்கு இருக்கிறது, காஸ் இணைப்பு இருக்கிறது, ஏடிஎம் கார்டு தொலைகிறது. கார்டை முடக்க வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். போன் செய்தால் "தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்" என்று ஒரு குரல் பேசும். அண்ணனையோ பக்கத்து வீட்டுக்காரரையோ பேச வைத்தால், கணக்கு வைத்திருப்பவரிடம்தான் பேசுவோம் என்பார்கள். ஒரு வங்கி பத்து காது கேளாத பட்டதாரிகளை எடுத்து வீடியோ மேசையில் உட்கார வைத்தால் இந்தியா முழுவதிலும் இருந்து வரும் அழைப்புகளுக்கு ஒரு தொடக்கமாவது கிடைக்கும். வட்டாரத்துக்கு வட்டாரம் சில சைகைகள் மாறினாலும் இலக்கணம் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், சென்னையில் உட்கார்ந்திருப்பவர் லக்னோ வாடிக்கையாளருக்கும் பதில் சொல்ல முடியும். இந்தி தெரிந்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.